மனைவிக்கு ஓய்வு வழங்கிய படலம்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெரியவன்தான். சக்கரத்தைக் கண்டுபிடித்தவனும் பெரியவன்தான். ஆனால் இருவருமாகச் சேர்ந்து மனித குலத்துக்கு வேலையைத்தான் கூட்டிவிட்டுப் போனார்கள். ஓய்வை முறைப்படி திட்டமிட்டு, சம்பந்தப்பட்டவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாமல் வழங்கிய பெருமை என் ஒருவனையே சேரும். தற்பெருமை கூடாது என்பதால் இத்துடன் நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஒரு பெரிய அலுவலகத்தில் 'மகிழ்ச்சி மேம்பாட்டுப் பிரிவு'க்குத் தலைவன். ஊழியர்கள் யாரும் சிரிப்பதில்லை என்று மேலிடத்துக்குத் தகவல் போனதும் அவசர அவசரமாக உருவாக்கப்பட்ட பிரிவு அது. நாற்காலிகளை அகற்றி, நின்றுகொண்டே வேலை செய்யும் ஆனந்தத்தை அங்கே அறிமுகப்படுத்தியவன் நான். என் நாற்காலி மட்டும் ஒப்பீட்டு ஆய்வுக்காக விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் கட்டாயச் சிரிப்பு; சிரிக்காதவர்கள் உரிய காரணம் சொல்ல வேண்டும். 'ஓய்வும் உரிமையே' என்ற என் உரையைக் கேட்டுத் தூங்காதவர்கள் குறைவு. ஓய்வைப் பற்றிய உரைக்கு அதைவிட வேறென்ன வெற்றி வேண்டும்?

இப்படி ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி சமையலறையில் நின்று ஒரு கோரிக்கை வைத்தாள். கையிலிருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டே பேசியதால், கோரிக்கை எனக்கா கரண்டிக்கா என்று முதலில் விளங்கவில்லை.

"ஒரு நாள். ஒரே ஒரு நாள். யாரும் என்னைக் கூப்பிடாம நான் பாட்டுக்குப் படுத்துக் கிடக்கணும்."

என் இல்லத்திலேயே ஓய்வு கிடைக்காத ஓர் உயிரா? துறைத் தலைவன் என்ற முறையில் நான் அதிர்ந்துபோனேன். அவள் பகலில் தபால் நிலையத்தில் வேலைக்கும் போகிறாள் என்பதை இங்கே நான் சேர்க்கவில்லை. அது அவளுக்கு வெளியே போய்வர ஒரு சாக்கு.

உடனே குடும்ப ஆலோசனைக் கூட்டம் கூட்டப்பட்டது. கலந்துகொண்டோர்: நான், கல்லூரியில் படிக்கும் என் மகள், எங்களோடேயே இருக்கும் என் தம்பி. தம்பி ஒரு பெரிய வேலைக்காகக் காத்திருப்பதால் சின்ன வேலை எதையும் தொடுவதில்லை. கையில் எந்நேரமும் கேமரா இருக்கும். என் மனைவி தேநீர் கொண்டுவந்தபோது மட்டும் கூட்டத்தில் பங்கேற்றாள். அவளுக்குப் பூரண ஓய்வு தரும் பொருட்டு நாங்கள் நால்வரும் வெளிநாடு போவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"வெளிநாடெல்லாம் வேணாங்க," என்றாள் அவள். "நீங்க மூணு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க. நான் வீட்லயே இருக்கேன். எனக்கு அதுவே போதும்."

"நீ வராம நாங்க எப்படிப் போறது? பெட்டியை யாரு எடுத்து வைப்பாங்க?" என்றேன்.

"உனக்காகத்தானேம்மா போறோம். கொஞ்சம் ஒத்துழைப்பு குடு," என்றாள் மகள்.

ஓய்வுக்கான முன்னேற்பாடுகள் முழுவதையும் அவளிடமே ஒப்படைத்தேன். யாருக்கு ஓய்வோ அவரே உடனிருந்து கவனிப்பதுதான் முறை. துணி துவைத்து, தேய்த்து, மருந்து மாத்திரை வாங்கி, எரிவாயு அடுப்பை மூன்று தரம் சரிபார்த்து, எங்கள் அனைவரின் பாஸ்போர்ட்டையும் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் விமானத்தில் ஏறி உட்கார்ந்தபோது, அவள் முகத்தில் ஓய்வின் தேவை பளிச்சென்று தெரிந்தது. என் தீர்மானம் எவ்வளவு சரியானது என்று மெய்சிலிர்த்தேன்.

ஓட்டலில் தங்கிப் படுத்துத் தூங்குவது பாமரர் வழக்கம். நவீன உலகம் அதைக் கடந்து எங்கோ போய்விட்டது. நான் தேர்ந்தெடுத்தது ஒரு பண்ணை வீடு. அங்கே விருந்தினர்கள் பணம் கட்டிவிட்டு மாட்டுக்கொட்டில் கூட்டலாம், பால் கறக்கலாம், முட்டை பொறுக்கலாம். இதற்கு 'உழைத்து இளைப்பாறுதல்' என்று பெயர். எங்கள் வீட்டில் துடைப்பம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கடல் கடந்து போய் அதைத் தொடும்போது மனம் லேசாகிறது என்று நிபுணர்கள் சொல்கிறார்கள்.

பண்ணைக்காரி நெடுநெடுவென்று வளர்ந்தவர். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். எங்கள் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி எங்களுக்குத் தெரியாது. அவர் தன் கைப்பேசியில் பேசினால் அது தமிழில் பெயர்த்துச் சொல்லும். அந்தக் கைப்பேசி எந்தப் புலவரிடம் பாடம் கேட்டதோ, பேச்சுத் தமிழ் அதற்கு மருந்துக்கும் வராது.

"வருக விருந்தினரே," என்றது அது. "ஆவினம் உம்மை எதிர்நோக்குகின்றது."

எனக்கு ஒதுக்கப்பட்ட பசு என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தது. நேர்முகத் தேர்வு அத்துடன் முடிந்துவிட்டது. வாலால் ஒன்று விட்டது பாருங்கள், மூக்குக்கண்ணாடி சாணத்தில் போய் விழுந்தது.

"அண்ணே, இந்த மாடு சரியில்ல," என்றான் தம்பி, படம் எடுத்துக்கொண்டே. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இங்கே கூடமே எட்டி உதைத்தது. மகள் கோழிக்கூண்டுக்குள் கையை விட்டாள். கோழி கொத்தியது. அதோடு அவள் விவசாயத்திலிருந்து விலகிவிட்டாள்.

"இங்க பாரு, இதைக் கொஞ்சம் பிடி," என்று நான் கூப்பிட்டேன். மனைவி வந்து என் கண்ணாடியைக் கழுவித் தந்துவிட்டு, என் பசுவையும் கறந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. அதுவும் நின்னுட்டே இருக்கு, நானும் நின்னுட்டே இருக்கேன். அதான் விட்டுக்குடுத்துடுச்சு."

வாயில்லாத ஜீவன்களுக்குள் ஏதோ உடன்பாடு போலும். அப்புறம் முட்டையையும் அவளே பொறுக்கினாள், தம்பியின் பங்குக் கொட்டிலையும் அவளே கூட்டினாள். நாங்கள் கலந்துகொண்டதற்குப் படங்கள் இருக்கின்றன.

விடிந்தது முதல் பண்ணையெங்கும் எங்கள் குடும்பப் பாசம் எதிரொலித்தது. "அம்மா, என் சாக்ஸ்?" "அண்ணி, சார்ஜர் எங்க?" "இங்க பாரு, இங்க பாரு!" பண்ணை நாய்கூட இரண்டே நாளில் பழகிவிட்டது. எவர் "அண்ணி" என்று கத்தினாலும் ஓடிப்போய் அவள் புடவைத் தலைப்பைக் கவ்வி இழுத்து வந்தது. பண்ணைக்காரி சாப்பாட்டு மேசையில் எங்கள் எல்லோருக்கும் நாற்காலி போட்டு வைப்பார். என் மனைவி அதில் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு, நின்றுகொண்டே எங்களுக்குப் பரிமாறுவாள். பண்ணைக்காரி பார்த்துக்கொண்டே இருப்பார். எங்கள் பண்பாட்டில் சொக்கிப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் பாத்திரம் கழுவும் இடத்தில் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தற்செயலாகக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"இவர்களிடத்து எத்துணைக் காலமாய் உள்ளீர்?" என்றது கைப்பேசி.

"இருபது வருஷம் ஆச்சு."

"விடுப்பு உண்டோ?"

"அப்படின்னா?"

"ஊதியம்?"

என் மனைவி சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைச் சிரிப்பில்கூட நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. ஓய்வு வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று பூரித்தேன்.

"நீங்கிச் செல்ல எண்ணியதுண்டோ?"

"எங்கங்க போறது? பழகிடுச்சு."

பண்ணைக்காரி தன் ஈரக் கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அஞ்சற்க, அம்மையே," என்றது கைப்பேசி.

மறுநாள் காலை விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தோம். பெட்டிகள் உள்ளே போயின. ஏறவேண்டிய நேரத்தில் பலகையில் 'தாமதம்' என்று வந்தது. மகள் விசாரித்துக்கொண்டு வந்தாள்.

"பைலட்டோட டியூட்டி டைம் முடிஞ்சிருச்சாம்ப்பா. இதுக்கு மேல அவர் ஓட்டக்கூடாதாம், ரெஸ்ட் எடுத்தே ஆகணுமாம். வேற ஒருத்தர் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணச் சொல்றாங்க."

எனக்கு வந்ததே கோபம். "ஒருத்தர் ரெஸ்ட் எடுக்கிறதுக்காக இத்தனை பேர் காத்துக் கெடக்கணுமா? பொறுப்பு வேணாம்?"

என் மனைவி மட்டும் கோபப்படவில்லை. "அப்படி ஒரு சட்டமே இருக்கா?" என்று மகளைக் கேட்டாள்.

"ஆமாம்மா. களைச்சுப்போனவங்க ஓட்டினா எல்லாருக்கும் ஆபத்தாச்சே."

"யாரு போட்டாங்களோ, நல்லா இருக்கட்டும்," என்றாள் அவள். பிறகு தம்பியின் கால்மாட்டில் இருந்த பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அவன் கால் நீட்டிக்கொள்வதற்காக.

மதியம் போல் ஒரு குள்ளமான அதிகாரி எங்களை நோக்கி வந்தார். அவருக்குப் பின்னால், ரப்பர் பூட்ஸோடு, நம் பண்ணைக்காரி. எதையோ மறந்துவிட்டு வந்தோம் போல, கொண்டுவந்து கொடுக்கிறார், என்ன பண்பு என்று வியந்தேன். அதிகாரி கைப்பேசியை நீட்டினார்.

"யாம் தொழிலாளர் நலத் துறையினர்."

பாம்பின் கால் பாம்பறியும். நானும் அதே துறைதான் என்று எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். 'ஓய்வும் உரிமையே' உரையில் முதல் பத்தியைச் சொல்லியும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இவ்வம்மையாரை ஊதியமும் விடுப்பும் இன்றி நீர் வேலை வாங்குவதாகப் புகார் வந்துளது."

"என்ன சார் நீங்க, இவ என் மனைவி," என்று சிரித்தேன்.

"அங்ஙனமே பலரும் உரைப்பர். ஆராய்வோம். இவருக்கு விருப்பமான உணவு யாது?"

இதென்ன கேள்வி. "எது மிஞ்சுதோ அது," என்றேன்.

"எப்போது உறங்குவார்?"

"நாங்க தூங்கினப்புறம். அதனால நான் பார்த்ததில்லை."

"எப்போது எழுவார்?"

"நாங்க எழுந்திருக்கும்போது எழுந்துதான் இருப்பா."

அதிகாரி பண்ணைக்காரியைப் பார்த்தார். பண்ணைக்காரி வானத்தைப் பார்த்தார். அடுத்து என்னைப் பற்றி அவளிடம் கேட்டார்கள். சட்டை அளவு, செருப்பு அளவு, எந்தக் கடைவாய்ப் பல்லில் கூச்சம், எந்தத் தலையணை இல்லாவிட்டால் தூக்கம் வராது, எதற்குப் பொய் சொல்வேன் என்பதுவரை அவள் மடமடவென்று சொன்னாள். எங்கள் தாம்பத்தியத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.

"இத்துணை அறிந்திருப்பவர் பணியாளராகவே இருத்தல் கூடும்," என்றது கைப்பேசி.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "அம்மையே, நீர் இவர் மனைவியென ஒரு சொல் உரைப்பின் வழக்கு இங்கேயே முடியும். அன்றேல், விசாரணை முடியுமளவும் நீர் எம் விடுதியில் தனி அறையில் தங்குவீர். உணவு அறைக்கே வரும். எவரும் உம்மை அழைத்தல் ஆகாது."

அதே நேரத்தில் மாற்று விமானி வந்துவிட்டார் என்று அறிவிப்பு வந்தது. எல்லோரும் வரிசைக்கு ஓடினார்கள்.

"சொல்லிடு, சீக்கிரம் சொல்லிடு," என்றேன்.

"அம்மா, என் ஜாக்கெட் எந்தப் பையில?" என்றாள் மகள்.

"அண்ணி, சார்ஜர்?" என்றான் தம்பி.

என் மனைவி எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து, எங்கள் மூன்று பாஸ்போர்ட்டுகளையும் எடுத்து என் கையில் வைத்தாள். மகளுக்கு ஜாக்கெட், தம்பிக்கு சார்ஜர். பிறகு கைப்பேசியின் பக்கம் குனிந்து, "ஏங்க, இந்த விசாரணை எத்தனை நாள் நடக்கும்?" என்று கேட்டாள்.

"ஏழு நாள் ஆகும்."

"பரவால்ல. நிதானமாவே விசாரிங்க."

ஆக, நான் வாக்களித்த ஓய்வு என் மனைவிக்கு முறைப்படி, அரசாங்கச் செலவில், ஓர் அயல்நாட்டின் பாதுகாப்போடு வழங்கப்பட்டுவிட்டது. உலகில் வேறெந்தக் கணவனும் இதைச் சாதித்ததாகத் தகவல் இல்லை. நாங்கள் மூவரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். துவைக்காத துணி எல்லா நாற்காலிகளிலும் ஏறிவிட்டதால் நானும் இப்போது வீட்டில் நின்றுகொண்டே இருக்கிறேன். காலையில் தேநீர் தானாக வருவதில்லை என்பது தெரியவந்துள்ளது. தம்பி ஒருமுறை பழக்கதோஷத்தில் "அண்ணி" என்று கத்தினான். நாய்கூட வரவில்லை.

நேற்று தொலைபேசி அடித்தது. அதே செந்தமிழ்.

"ஐயா, விசாரணை நிறைவுற்றது. அம்மையார் நாளை புறப்படுவார்."

"என்ன தெரிஞ்சுது?" என்று ஆவலோடு கேட்டேன். "அவ என் மனைவிதான்னு நிரூபணம் ஆயிடுச்சா?"

"ஐயமற நிரூபணமாயிற்று," என்றது அது. "புகாரும் மெய்யே எனக் கண்டோம்."