சமையலறைக்குப் பின்னால் இரண்டடி

"அடிக்காதீங்க! டைல்ஸ் உடையும்லா!"

மனைவி மலர்க்கொடி கத்தி முடிப்பதற்குள் ஹரிதாஸ் சமையலறைச் சுவரில் சுத்தியலை இறக்கிவிட்டான்.

டொம்!

"கேட்டியா? உள்ளே காலி! என் பிளான் பொய் சொல்லாதுலா!"

எல்லாம் வரைபடம் போடும் அந்த இலவச கேட் (CAD) மென்பொருளால் வந்த வினை. இந்த முறை பாத்திர அலமாரி ஒன்றைத் தானே வடிவமைக்கும் ஆசையில் அதைக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டவன், பழகுவதற்காக முதலில் வீட்டையே வரைந்தான். வெளிச்சுவரை அளந்து ஒரு கோடு, உள்ளே அறைகளை அளந்து பல கோடுகள். திரையில் இரண்டும் ஒட்டவில்லை. சமையலறைக்குப் பின்னால், கதவும் சன்னலும் இல்லாமல், இரண்டடி அகலத்துக்கு ஒரு சந்து!

மென்பொருள் தப்புப் பண்ணுகிறது என்று முழுசாக அழித்துவிட்டு மறுபடி அளந்தான். சந்து அசையவில்லை.

சந்தேகம் தீர, படத்தைத் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'உங்கள் வீட்டிலும் இப்படியா?' என்று கேட்டான். பதில் வரவில்லை. டுரியான் துங்கால் தாமானே வாசலில் வந்து நின்றது.

"தம்பி, உனக்கு முன்னால இங்க இருந்தாரே, அவரு ராவோட ராவா காலி பண்ணிட்டுப் போனவரு," என்றாள் அடுத்த வீட்டு ரோகினி அக்கா. "அவரு சம்சாரத்தை மட்டும் அப்புறம் யாரும் பார்க்கலை."

ஹரிதாஸ் சுவரை விட்டு நாலடி தள்ளி நின்றான். பிணத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தா இத்தனை நாள் தோசை தின்றோம்?

"போலீசைக் கூப்பிடறேன்!"

"வேணாம்!" மலர்க்கொடியின் முகம் வெளுத்துவிட்டது. "பூசிட்டு, அலமாரியை வச்சு மறைச்சிடலாங்க."

"பொணத்தை மறைக்க அலமாரியா? ஆமா, நீ ஏன் இப்படி வேர்க்கிறே?"

"சமையக்கட்டுல வேர்க்காம?"

அவளை நம்பாமல் பெம்பான் ஊர்க் கொத்தனார் சின்னத்தம்பிக்குப் போன் போட்டான்.

"அந்த ஆளு வேணாங்க! வேற யாரையாச்சும் பாருங்க!"

அவள் தடுக்கத் தடுக்க, சின்னத்தம்பி டிரில்லோடு வந்து இறங்கினான். சுவரைப் பார்த்தான். மலர்க்கொடியைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"கண்டிப்பா உடைக்கணுமாண்ணே?"

"உடைலா!"

கல் பெயர்ந்து விழுந்தது. ஹரிதாஸ் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான்.

வெள்ளையாக ஓர் உருவம் நின்றுகொண்டிருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு வலை.

"ஐயோ! அந்த அம்மாதான்!"

ரோகினி அக்கா போட்ட அலறலில் கூட்டம் கேட்டைத் தாண்டி ஓடியது.

சின்னத்தம்பி மட்டும் அசரவில்லை. கையை விட்டு உருவத்தை இழுத்தான். பஞ்சு மாதிரி கையோடு வந்தது. தேனீ வளர்ப்பவர்கள் மாட்டுகிற உடுப்பு! காலரில் ஹரிதாஸின் பெயர், அவன் கையெழுத்திலேயே.

அதற்குப் பின்னால் மீன் தொட்டி. கராவோக்கே பெட்டி. தூண்டில்கள். டிரோன்.

ஹரிதாஸ் வாயைப் பிளந்தபடி மனைவி பக்கம் திரும்பினான்.

"நான் கோலாலம்பூருக்குக் கோர்ஸ் போயிருந்தப்போ திருடன் இதையெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டான்னு அழுதியே! பைப்பு ஒழுகி டைல்ஸ் மாத்தினேன்னு வேற சொன்னியே!"

மலர்க்கொடி மின்விசிறியை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னத்தம்பி கையிலிருந்த சிமெண்டுத் தூளைத் தட்டிக்கொண்டு அவளிடம் கேட்டான்:

"அக்கா, கம்ப்யூட்டருக்கு அடுத்த மாசம் வரச் சொன்னீங்க. அதான் திறந்தாச்சே, இன்னைக்கே உள்ள வச்சுப் பூசிடவா?"