துவைக்கக் கூடாத ஜீன்ஸ்

என் கூடப்பிறந்த தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நீ சுகமா, உன் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி தேவலையா என்று முதலில் கேட்கவேண்டியது முறை, கேட்டுவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதவேண்டியதும் முறைதான். அதை எழுத என் கை வரவில்லை. நான் பெரிய ஆபத்தில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் பேரன், நீ நீட்டுக்காலன் என்று பேர் வைத்தாயே அவன்தான், வெளியூரிலிருந்து திரும்புகிறான். அதற்குள் நான் இந்த வீட்டைவிட்டு உன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். புடவை விஷயத்துக்கு அப்புறம் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. அதையும் மீறி எழுதுகிறேன் என்றால் என் பயம் எவ்வளவு என்று நீயே பார்த்துக்கொள்.

நீட்டுக்காலனுக்குத் துணிக்கடையில் வேலை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். "துணிக்கடை இல்ல பாட்டி, டெனிம் ஸ்டோர்" என்பான். கண்ணாடிக் கதவு, குளுகுளு மிஷின், உள்ளே ஆம்பிளைகள் போடுகிற ஜீன்ஸைத் தவிர ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் இடுப்புக்குப் பின்னால் ஒரு தோல் துண்டு தைத்து அதில் படம் போட்டிருப்பார்கள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் எனக்குப் பொழுது சாய்ந்துவிடும் என்பதால் படத்தை வைத்துத்தான் கம்பெனியைத் தெரிந்துகொள்வேன். காளைமாடு உசத்தி. நங்கூரம் மட்டம், ஏனென்றால் "அது தொப்பை வச்ச அங்கிள்ங்க போடறது பாட்டி." இந்த உசத்தி மட்டமும் ஒரு நிலையில் நிற்காது. ஒரு காலத்தில் காலோடு ஒட்டிப் பிடிக்கிற மாதிரி போட்டான், கழற்றும்போது நான் ஒரு காலும் என் மருமகள் ஒரு காலுமாகப் பிடித்து இழுப்போம். அப்புறம் முட்டியில் கிழிந்தது வந்தது. ஐயோ பாவம், பிள்ளை கிழிசலோடு நாலு பேர் முன்னால் நிற்கிறானே என்று என் பழைய பூப்போட்ட ரவிக்கையை வெட்டி நான் உள்பக்கமாக ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். அதற்கு அந்தப் பயல் மழைக்காலம் முடிகிறவரை என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை, அது வேறு. இப்போது தொளதொள என்று, உள்ளே இன்னொரு ஆள் குடியிருக்கலாம் போல.

என் மகன் இந்த விஷயத்தில் ஒன்றுக்கும் உதவமாட்டான். அவன்தான் உனக்குத் தெரியுமே, ஆபீஸ், சாம்பல் நிறப் பேண்ட், கத்தி மாதிரி மடிப்பு. "சாக்குத் துணியைப் போட்டுக்கிட்டு சாப்பாட்டு மேஜைக்கு வராதே" என்று பிள்ளையிடம் தினமும் ஒரு தரமாவது சொல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. காலேஜில் படிக்கும்போது இவனும் ஒரு ஜீன்ஸ் கேட்டவன்தான். உன் அத்தான், "என் வீட்டு வாசப்படிக்குள்ள அந்தக் காலிப்பய துணி வரக்கூடாது" என்று போட்ட ஒரே அதட்டலில் வாயை மூடிக்கொண்டான். அப்பா போன பிறகும் அந்தச் சொல்லைக் காப்பாற்றி வருகிறான், அந்த மட்டுக்கு நல்ல பிள்ளை.

இனிமேல்தான் பயங்கரம். போன கோடையில் நீட்டுக்காலன் புதிதாகக் காளைமாடு ஒன்று கொண்டுவந்தான். மரப்பலகை மாதிரி விறைப்பு. கடையில் போட்டியாம். ஆளுக்கொரு ஜீன்ஸை எடுத்துத் துவைக்காமலே போட்டு உழைக்கவேண்டும், யார் உடம்பு மடிப்பு அதில் அழகாக வெளுத்து விழுகிறதோ அவனுக்குக் கடைக்கே மேனேஜர் பதவி. தலைமை ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்களாம்.

"துவைக்கவே மாட்டியாடா?"

"ஒரு சொட்டுத் தண்ணி பட்டாப் போச்சு பாட்டி. என் வேலையே போச்சு."

"அப்ப நாத்தம்?"

"ஃப்ரீசர்ல வச்சா கிருமியெல்லாம் செத்துடும். நாத்தம் போயிடும்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் மகன், "எவ்வளவு நேரம் வைக்கணும்?" என்று கேட்டான். கிண்டல் என்று நினைத்துப் பிள்ளை எழுந்து போய்விட்டான்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு நிம்மதி ஏது? ஒரு மத்தியானம் அவன் அறையைப் பெருக்கலாம் என்று கதவைத் தள்ளினேன், மூலையில் ஒரு ஆள் நிற்கிறான், இடுப்புக்கு மேலே ஒன்றுமே இல்லை. துடைப்பத்தை எறிந்துவிட்டுக் கூவினேன். அந்த ஜீன்ஸ்தான், தானாக நிற்கிறது! கழற்றியவன் சுவரோரமாக நிறுத்திவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறான். அடுத்த வாரம் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான், போர்வை விலகியிருந்தது, தொடையிலிருந்து பாதம் வரை கருநீலம். ரத்தம் நின்றுபோய்விட்டது என்று நான் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நர்ஸம்மா ஓடிவந்து, மூன்று பேரும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுக் காலில் ஒரு இழு இழுத்தார், நீலம் பஞ்சோடு வந்துவிட்டது. "சாயம் பாட்டி, பயப்படாதீங்க" என்றவர், என்னை விட்டுவிட்டுப் பேரன் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தி, "எந்தக் கம்பெனி தம்பி?" என்று கேட்டார். படித்தவரே இப்படி என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

போன வாரம் கம்பெனிக்காரர்கள் இவனைச் சரக்குப் பார்க்க வெளியூர் அனுப்பினார்கள். திரும்பி வந்த மறுநாள் சனிக்கிழமைதான் போட்டி. இவன் கிளம்பிய அடுத்த நாள் காலையில் பாலை எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் ஜீன்ஸ். போட்டிக்கு முன்னால் கடைசியாகக் கிருமி சாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று பார்த்த உடனே தெரிந்தது. தொடாமல் விட்டிருப்பேன், சத்தியம். ஆனால் மேலே இருந்த பால் பாக்கெட் வெடித்து, பைக்குள்ளே வழிந்து, துணியோடு சேர்ந்து உறைந்திருக்கிறது! புளித்தால் என்ன ஆகும்? பால் பட்ட இடத்தை மட்டும் அலசலாம் என்றுதான் குழாயடியில் காட்டினேன். நீலம் பேனா மசி மாதிரி ஓடியது. சாயம் ஓடினால் உப்புப் போட்ட வெந்நீர்தான் நிறுத்தும் என்று உனக்கே தெரியும், உனக்குத்தான் நன்றாகத் தெரியும். தோல் துண்டு வெந்நீரில் கெட்டுவிடுமே என்று பிளேடால் தையலைப் பிரித்து எடுத்தேன். பார்த்தால் நங்கூரம். மட்டம் என்று இவன்தானே சொன்னான், இப்போது அதுதான் உசத்தியாகிவிட்டது போலிருக்கிறது, இவர்கள் ஃபேஷனை யார் கண்டது? இடுப்பும் என்னைச் சுற்றி ஒன்றரைச் சுற்று வரும்போல இருந்தது, சரி, தொளதொளதானே இப்போது என்று விட்டேன். அண்டாவில் வெந்நீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றி உப்பைக் கொட்டினேன். நிற்கவில்லை. பால் பட்ட தொடை மட்டும் வெளுத்து, மற்ற இடம் கறுத்து, மாட்டுத் தோல் மாதிரி திட்டுத் திட்டாக ஆனது. ஒரே சீராக இருந்தால் கண்டுபிடிக்கமாட்டான் என்று கொஞ்சமே கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போட்டேன். அதற்கு மேல் நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. அடுப்போரம் காயவைத்த நங்கூரமும் கருகிச் சுருண்டுவிட்டது.

மருமகள் வேலையிலிருந்து வருவதற்குள் ஜீன்ஸை மாடியில் காயப்போட்டு எடுத்து என் மெத்தைக்கு அடியில் சொருகிவிட்டேன். அதன்மேல்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கேட் சத்தம் கேட்டால் நெஞ்சு வாய்க்கு வருகிறது. இது போதாது என்று என் மகனுக்கு மோப்பம் பிடித்துவிட்டது. ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக ஃப்ரீசரைத் திறக்கிறான், மூடுகிறான், மறுபடி திறக்கிறான்.

"என்னடா தேடறே?"

"ஐஸ்."

"ஐஸ் எதுக்கு?"

"சும்மாதாம்மா."

பக்கத்தில் வந்து என் முகத்தையே பார்க்கிறான். என் கைவிரல் நீலமாக இருக்கிறது, முந்தானையில் மூடிக்கொண்டு சாமி கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அப்பன் கண்டுபிடித்துப் பிள்ளைக்குப் போன் பண்ணிவிட்டால்?

எனக்கு அடி விழும் என்று பயமில்லை, திட்டு விழும் என்றும் பயமில்லை. மேனேஜர் ஆகவேண்டிய பிள்ளை என்னால் கெட்டான் என்று ஆகிவிடும். அவன் பேசமாட்டான். ஒட்டுப் போட்டதற்கே ஒரு மழைக்காலம் என்றால், இதற்கு? நம் குடும்பத்து ரத்தம், யாருக்கும் எதையும் மறக்க வராது. என்னைப் பார்த்துத்தானே அவன் கற்றுக்கொண்டான்? எத்தனை வருஷம் இழுப்பான், அதுவரை நான் இருப்பேனா?

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். என் அரக்குப் புடவையை நீ கேட்டு வாங்கிப் போய், துவைத்து, கரைச் சாயம் புடவை உடம்பெல்லாம் இறங்கி, கறை உள்ளே போகிற மாதிரி மடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "காபிகூட வேண்டாம்க்கா" என்று ஓடினாயே. அன்றைக்கு உன்னைக் கள்ளி என்று நினைத்தேன். இப்போது மெத்தை மேல் உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிகிறது, நீ கள்ளி இல்லை, பயந்தாங்கொள்ளி. நானும் இன்றைக்கு அதுதான். ஆகவே புடவை விஷயத்தை மன்னித்துவிட்டேன். முழு மனசோடு, ஒரு குறையும் வைக்காமல். உன் வீட்டுப் பின்னறையை ஒழித்து வை. வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். யாராவது கேட்டால் உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல், இரண்டு தடவை இருமிக் காட்டு.

நீயும் உன் வீட்டுக்காரரும் உன் பிள்ளைகளும் ஒரு நோய்நொடியில்லாமல், யாருக்கும் பயப்படாமல், கேட் சத்தம் கேட்டால் எழுந்துபோய்த் தைரியமாகத் திறக்கிறவர்களாக நூறாண்டு இருக்கவேண்டும்.

உன்மேல் எப்போதும் பாசமுள்ள,
அக்கா

பின்குறிப்பு: இதை ஒட்டித் தபாலில் போடுவதற்குள் நீட்டுக்காலன் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டான். நான் எழுந்து ஓடக்கூட நேரமில்லை. பார்த்தால் அவன் காளைமாடு அவன் இடுப்பிலேயே இருக்கிறது, போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறான். அப்படியானால் என் மெத்தைக்கு அடியில் இருப்பது யாருடையது என்று எனக்குப் புது நடுக்கம். அப்போது என் மகன் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். வழுக்கைத் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான்.

"அம்மா, ஃப்ரீசர்ல ஒண்ணு வச்சிருந்தேன்..."

"உன்னோடதாடா?"

தலையை ஆட்டினான்.

"ஏன்டா சொல்லலை? உங்கப்பாதான் இப்ப இல்லையே."

"தெரியலம்மா. கடையில அதை எடுத்துப் பார்க்கும்போது, அப்பா பின்னாடி நிக்கிற மாதிரியே இருந்துச்சு."

நான் மெத்தையைத் தூக்கினேன். விரித்துப் பார்த்தான், திட்டைப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான். அங்கேயே போட்டுக்கொண்டான். வெந்நீரில் சுருங்கிக் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது, இடுப்பு மூச்சைப் பிடித்தால்தான் பூட்டுகிறது, உட்கார முடியவில்லை. கூடத்துக்குப் போய் நின்றுகொண்டே காபி குடித்தான். நீட்டுக்காலன் அவனைச் சுற்றிச் சுற்றி வருகிறான். "அப்பா, இந்த வெளுப்பு எப்படி வந்துச்சு? இது என்னதைவிட நல்லா இருக்கே! எந்தக் கம்பெனி?" என்று சட்டையைத் தூக்கித் தேடினால் ஊசித் துளைதான் இருக்கிறது. என் மகன் காபி டம்ளரைக் கீழே வைக்காமல், "உன் பாட்டி கம்பெனிடா" என்றான். சனிக்கிழமை ஆபீஸுக்கே அதைப் போட்டுக்கொண்டு போகப் போகிறானாம். அங்கேயும் நின்றுகொண்டுதான் வேலை செய்யவேண்டும்.

ஆகையால் நான் வரவில்லை, பின்னறையை ஒழிக்கவேண்டாம், இருமவும் வேண்டாம். மேலே மன்னிப்பு என்று எழுதியது பயத்தில் எழுதியது, செல்லாது. அரக்குப் புடவை இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது, நீ மடித்த மடிப்புக் கலையாமல்.