சந்தேகம் அண்ணாச்சியும் டர்போ முள்ளும்

ராஜபாளையத்தில் யாரையும், எதையும், தன்னையேகூட நம்பாத ஒரே மனிதர் எங்கள் மெக்கானிக் ‘சந்தேகம்’ அண்ணாச்சிதான். சொந்தப் பெயரைக் கேட்டாலும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார்.

தொண்ணூறுகளில், மச்சான் வெளிநாட்டிலிருந்து இறக்கிய டர்போ டீசல் கார் என் கைக்கு வந்தது. டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஒருநாள் திடீரென்று வண்டி காளைபோலப் பாய ஆரம்பித்தது. காற்றழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. எனக்கு ஒரே பெருமை. மதுரையில் காட்டியபோது ஒரு மெக்கானிக், இன்ஜினையே கழற்றி இறக்க வேண்டும் என்றார். என் மனைவிக்கோ நிறைமாதம். திங்களன்று அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் தாய்வீட்டில் விட வேண்டும். குழம்பிப்போய் அண்ணாச்சியிடம் ஓடினேன்.

“வேகம் கூடுனா நல்லதுதான அண்ணாச்சி?”

“பலூன்ல காத்து கூடுனா என்ன ஆவும் தம்பி?”

“வெடிக்கும்.”

“வண்டிக்குள்ள ஒங்க வீட்டம்மா இருப்பாகல்ல?”

பெருமை அங்கேயே இறங்கியது.

முதலில் முள்ளைச் சந்தேகப்பட்டார். வேறு மீட்டர் மாட்டினார். அதுவும் அதையே காட்டியது. “ரெண்டும் கூட்டுச் சேந்து பொய் சொல்லுதோ?” என்று மூன்றாவதைத் தேடிப் பிடித்து வந்தார். அதுவும் அதேதான். முள் சொல்வது நிஜம்தான் என்று துக்க வீட்டு முகத்தோடு ஒப்புக்கொண்டார்.

“காத்து மிஞ்சுனா வெளிய விட ஒரு கதவு இருக்கு தம்பி. ‘தொற’ன்னு அதுக்குச் சேதி கொண்டுபோறது இந்தச் சின்ன ரப்பர் குழாய்.”

குழாயைக் கழற்றிவிட்டுக் கதவுக்கு நேராகவே கைப்பம்பால் காற்றடித்துப் பார்த்தார். கதவு ஒழுங்காகத் திறந்தது. குழாயும் புதிதுபோல இருந்தது. “நல்லாத்தான இருக்கு” என்றேன். என்னையும் ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார். குழாயை வாளித் தண்ணீரில் அமுக்கி, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, மறுமுனையில் ஊதினார். குழாயை இறுக்கிப் பிடித்திருந்த கிளிப் மறைத்திருந்த இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. விரிசல்!

புதுக் குழாய் மாட்டி ஓட்டினோம். முள் கோட்டுக்குக் கீழேயே நின்றது. அண்ணாச்சி முகம் மட்டும் தெளியவில்லை.

“ஏன் எறங்குச்சு?”

“நீங்கதான குழாய மாத்துனீங்க?”

“ஆமா... அதனாலதானா?”

எனக்கு மறுபடி குழம்பிவிட்டது.

திங்களன்று மெதுவாக ஓட்டி மாமியார் வீட்டு வாசலில் நிறுத்தினேன். பின்னாலேயே ஒரு மொபெட் இரைந்துகொண்டு வந்து நின்றது. புருவம்வரை புழுதியோடு அண்ணாச்சி. கேரியரில் பழைய டியூபால் கட்டிய டூல்ஸ் பை.

“எதுக்கு அண்ணாச்சி இம்புட்டுத் தூரம்?”

“இல்ல தம்பி... இந்தப் பக்கம் ஒரு சோலி.” பேசியது என்னிடம், பார்த்தது, பத்திரமாக இறங்கி நின்ற என் மனைவியை.

“உள்ள வாங்கண்ணே, சாப்பிட்டுப் போலாம்” என்றாள் அவள்.

என்ன சோலி என்று நான் கேட்கவில்லை. அவர் கை கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றினேன்.