கேட்டடிச் சாமியாரும் கொதிக்கும் காரும்

அறந்தாங்கி ரயில்வே கேட்டடியில் சாமி இறங்கியிருந்தது. கோயில் இல்லை. சிலை இல்லை. ஒரு புளியமரம், ஒரு சூலம், ஒரு சாமியார். கேட்டை மூடினால் அவருக்கு அருள் வரும். திறந்தால் சாமி மலையேறிவிடும். ரயில் தாமதமானால் அருள் நீளும். இவ்வளவு ஒழுங்கான தெய்வத்தை அந்த வட்டாரம் அதுவரை கண்டதில்லை.

சாமியாரின் தொழில் கார்களுக்குத் தோஷம் கழிப்பது. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு. சித்திரை வெயில். கேட்டில் நிற்கும் பழைய கார்களின் இன்ஜினை யாரும் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் மறுபடி கிளப்ப முன்னால் கம்பியைச் செருகிச் சுழற்ற வேண்டும். அதனால் நின்றபடியே ஓடவிடுவார்கள். சிறிது நேரத்தில் ஏதாவது ஒரு காரின் முகப்பில் ஆவி பறக்கும். சாமியார் எழுந்து வருவார். வேப்பிலையால் காரைத் தடவுவார். உள்ளே இருப்பவர்களில் ஒருவரைக் காட்டி, "தோஷம் இங்க இருக்கு. எறங்கி நடக்கச் சொல்லு" என்பார். அவர் கை எந்த முதலாளியையும் காட்டியதில்லை. எந்த மிராசுதாரையும் காட்டியதில்லை. யார் திருப்பிப் பேசமாட்டார்களோ அவர்களைத்தான் தோஷம் பிடித்திருந்தது.

ஆள் இறங்கும். எலுமிச்சம்பழம் நசுங்கும். கேட் திறக்கும். கார் ஓடும். ஓட ஓடச் சூடு தணியும். மக்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கார் இல்லாதவர்களும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள்.

வாடகைக் கார் ஓட்டும் சேவுகன் போன வாரம் இங்கே நின்றான். சாமியார் பின் சீட்டைக் காட்டினார். அங்கே அவன் தங்கை செவந்தி இருந்தாள். சின்ன வயதில் தாலியறுத்தவள். வெள்ளைச் சேலை தூரத்திலிருந்தே தெரியும். ஞானதிருஷ்டிக்கு அதிக வேலை இல்லை.

"இவ இருக்குற வீட்ல இந்த வண்டி தங்காது. எரிஞ்சு போயிரும்" என்றார் சாமியார்.

வண்டி போனால் சேவுகனுக்குச் சோறு இல்லை. எனவே இன்று தங்கையைத் தகரப்பெட்டியோடு கறம்பக்குடியில் விட்டுவரக் கிளம்பியிருந்தான். அது அவள் புருஷன் வீடு. புருஷன் செத்த பதினாறாம் நாள் அவளை அடித்து விரட்டிய வீடு.

கேட் மூடியிருந்தது. கார் நின்றது. கொதித்தது.

"பாத்தியா? இன்னும் இவளை ஏத்திக்கிட்டுத் திரியிறியே" என்றார் சாமியார்.

செவந்தி தலையை வெளியே நீட்டினாள்.

"சாமி, கேட்டைச் சாத்துனா சூடாகுது. கேட்டைத் தொறந்தா ஆறுது. தோஷம் எனக்கா, கேட்டுக்கா?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வாய மூடு புள்ள" என்றான் சேவுகன்.

"மூடுறேண்ணே. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு செய். கேட்டு தொறந்ததும் என்னைய வச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் ஓட்டிட்டுத் திரும்பி வா. தண்ணிய ஊத்து. அப்புறம் நான் எறங்கிக்கிறேன். சாமி ஏறட்டும். இங்கயே நிறுத்தி இன்ஜினை ஓடவிடு. சாமி இருக்கையில கொதிக்காதுல்ல?"

"சாமி வாகனத்துல ஏறாது" என்றார் சாமியார்.

பின்னால் நின்ற லாரியிலிருந்து ஜமால் முகமது இறங்கினார். ஜெகதாப்பட்டினத்துக் கருவாட்டு வியாபாரி.

"ஏன் சாமி, முந்தாநாள் என் லாரியில ஏறித்தானே சந்தைக்கு வந்தீங்க? கருவாட்டு மூட்டை ஒத்துக்குது, கார் சீட்டு ஒத்துக்காதா?"

இப்போது நாலைந்து பேர் சிரித்தார்கள். கன்னத்தில் யாரும் போட்டுக்கொள்ளவில்லை. மறுத்தால் பக்தர்கள் போய்விடுவார்கள் என்று சாமியாருக்குத் தெரிந்தது. சம்மதித்தார்.

ரயில் போனது. கேட் திறந்தது. கார் ஓடித் திரும்பியது. செவந்தி உள்ளேதான் இருந்தாள். ஆவி அடங்கியிருந்தது. தண்ணீர் ஊற்றினார்கள். அவள் இறங்கினாள். சாமியார் சூலத்தோடு ஏறிச் சம்மணம் போட்டார்.

இன்ஜின் ஓடியது. சாமியார் மந்திரத்தைத் தொடங்கினார். முடித்தார். மறுபடி தொடங்கினார். கேட் ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது; இனி அது திறந்து அவரைக் காப்பாற்ற வழியில்லை. முகப்பில் ஆவி கிளம்பியது. வெந்நீர் பீறிட்டது. சாமியார் சூலத்தை மறந்து கதவைத் திறந்து குதித்தார்.

"சாமிக்கும் தோஷமுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். நிஜமாகவே கேட்டாள்.

ஜமால் முகமது இன்ஜினை நிறுத்தச் சொல்லிப் பானட்டைத் திறந்தார். விசிறியைச் சுற்றவைக்கும் பேன் பெல்ட்டை விரலால் அழுத்தினார். அது தூளிபோல் தொங்கியது.

"பாருங்க தம்பி. இன்ஜின் சுத்துது, பேன் சுத்தல. வண்டி ஓடுனா எதிர்காத்து ரேடியேட்டரை ஆத்திரும். நின்னா எந்தக் காத்து வரும்? பேட்டரிக்குக் கரண்ட் குடுக்குற டைனமோவும் இதே பெல்ட்டுலதான். அதான் ஒங்க பேட்டரியும் செத்துக் கெடக்கு."

டைனமோ போல்ட்டைத் தளர்த்தினார். கம்பியால் நெம்பிப் பெல்ட்டை இறுக்கினார். போல்ட்டை முடுக்கினார். கார் ஆறியதும் தண்ணீர் ஊற்றிக் கிளப்பினார்கள். செவந்தி ஏறி உட்கார்ந்தாள். அடுத்த ரயிலுக்குக் கேட் மூடியது, திறந்தது. கார் நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடியது. கொதிக்கவில்லை. சாமியாரைத்தான் காணவில்லை.

"வீட்டுக்குப் போவோம் தாயி" என்றான் சேவுகன்.

"பெல்ட்டு நல்லா இருந்து வேற ஏதாச்சும் கெட்டிருந்தா? என்னைய விட்டுட்டுத்தானே வந்திருப்ப?"

சேவுகன் காரைத் திருப்பினான்.

கூட்டம் கலையவில்லை. "பெல்ட்டுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கட்டலாமா பாய்?" என்று ஒருவர் ஜமால் முகமதுவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஐயா, வண்டி கொதித்தால் பானட்டைத் திறந்து பாருங்கள். கதவைத் திறந்து மனிதரை இறக்காதீர்கள்.