லைவ் அண்ணன் பெண் பார்க்கப் போன ஞாயிறு

தைப்பேயில் மேடை ஏறும் கம்பெனித் தலைவருக்குத் தாம் என்ன பேசப்போகிறோம் என்பது மறந்து போகலாம். ராவாங்கில் எங்களோடு குடியிருந்த லைவ் அண்ணனுக்கு மறக்காது. தைவான் கணினிக் கண்காட்சியை நேரலையில் பார்ப்பதற்கென்றே பிறந்த மனிதர் அவர். டைல்ஸ் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஒரு கேம்கூட விளையாடத் தெரியாது. புது கிராபிக்ஸ் கார்டை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் அதைச் செருக அவரிடம் கணினி கிடையாது. ஆனாலும் அந்தக் கார்டு வரப்போகிறது என்று மேடையில் சொல்லும் நிமிடத்துக்காக ஆண்டு முழுக்கக் காத்திருப்பார்.

கண்காட்சி நாளன்று காலையிலேயே குளித்து, நீளக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொள்வார். ரவுட்டருக்குப் பொட்டு வைப்பார். யாரும் மைக்ரோவேவைத் தொடக் கூடாது. காற்றில் இணைய லைன் கலைந்துவிடும் என்று காற்றாடியையும் நிறுத்திவிடுவார். வீட்டிலிருந்த நாங்களும் அவரைப்போலவே கார்டுப் பைத்தியம் பிடித்த தொழிற்சாலை நண்பர்களும் தரையில் உட்கார்ந்து வியர்த்துக் கொட்டுவோம். அத்தனை செய்தும், தலைவர் "இன்று நாங்கள்..." என்று வாயைத் திறந்ததும் படம் நின்றுவிடும். நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அண்ணனின் மகிமை அப்போதுதான் வெளிப்படும். எழுந்து தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று, விட்ட இடத்திலிருந்து அவரே தொடருவார். தலைவர் கையை ஆட்டுவதுபோலவே ஆட்டுவார். கைதட்ட வேண்டிய இடத்தில் நிறுத்தி எங்களைப் பார்ப்பார். நாங்களும் தட்டுவோம். லைன் திரும்பியதும் அவர் சொன்னதில் பாதியாவது சரியாக இருக்கும்.

ஒரு வருடம், கண்காட்சி ஞாயிற்றுக்கிழமையே அவருக்குக் கலும்பாங்கில் பெண் பார்க்க ஏற்பாடாகிவிட்டது. அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய அக்கா ஊரெல்லாம் அலைந்து பிடித்த வரன். வேன் வாசலில் நிற்கிறது, அண்ணன் தொலைக்காட்சியை விட்டு நகரவில்லை. அக்கா உள்ளே வந்து, திரையில் வாய் திறந்தபடி உறைந்திருந்த மனிதரை ஒருமுறை பார்த்தார்.

"தம்பி, இந்த ஆளு அடுத்த வருசமும் வருவாரு. அந்தப் பொண்ணு வராதுலா."

அண்ணன் கிளம்பினார், கைப்பேசியில் அதே நேரலையோடு. துணைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். கெர்லிங் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். லைன் அடியோடு போய்விட்டது. பொருத்தம் பார்த்த ஜோசியரைக்கூட அத்தனை பதற்றத்தோடு அவர் பார்த்திருக்க மாட்டார். கைப்பேசியை அப்படிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பெண் வீட்டில் பலகாரம் வந்தது. பெண்ணின் பெயர் தேவிகா, கிளினிக்கில் வேலை. தேநீரைக் கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டார். அண்ணனின் கண் மடியிலிருந்த கைப்பேசியை விட்டு ஏறவே இல்லை. அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை அப்படி என்ன பார்க்கிறார் என்று கேட்டுவிட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணன் மறைக்கவில்லை. தைவானில் நடப்பதைச் சொல்லி, கைப்பேசியை எல்லோரும் பார்க்கும்படி முறுக்கு டின்மேல் சாய்த்து வைத்தார். லைன் வந்தது. அப்பா, அத்தை, சித்தப்பா எல்லோரும் குனிந்தார்கள். தலைவர் "இதோ..." என்றார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

வீடே காத்திருந்தது. அண்ணனால் தாங்க முடியவில்லை. எழுந்தார். காலியான கேக் தட்டைக் கையில் உயர்த்திப் பிடித்தார்.

"இதான் புதுக் கார்டு. பழசவிட ரெண்டு மடங்கு வேகம். ஆனா கரண்டு பில் ஏறாது."

"கரண்டு பில் ஏறாதா?" என்று அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அண்ணனைப் பிடிக்க ஆளில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கும் கட்டுப்படியாகும் விலை என்றார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். வேறு வழி தெரியாமல் நான் பழக்கத்தில் கைதட்டினேன். வீடு முழுக்கத் தட்டியது.

அந்த நேரம் பார்த்து லைன் வந்தது. தலைவர் ஏதோ பெரிய கணினிக் கூடங்களைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார், கும்பிடு போட்டார், போய்விட்டார். கார்டு என்ற பேச்சே இல்லை.

அண்ணன் தட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆண்டு முழுக்கக் காத்திருந்தது போயிற்று. அக்காவின் முகத்தைப் பார்த்தால் பெண்ணும் போன மாதிரிதான் இருந்தது.

வாசலில் நின்ற தேவிகாதான் பேசினார். "அவரு சொன்னதவிட நீங்க சொன்னதுதான் நல்லா இருந்துச்சு."

அண்ணன் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பெண்ணைப் பார்த்தார். அடுத்த தை மாதம் கல்யாணம். அண்ணன் கலும்பாங் பக்கமே வேலை தேடிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் வீட்டுக்கு இப்போது வேகமான லைன் வந்துவிட்டது. போன கண்காட்சியில் படம் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. தலைவர் ஆரம்பித்ததிலிருந்து தெளிவாகப் பேசிக்கொண்டே போனார். நாங்கள் பாதியிலேயே அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம்.