இடது கால் நோர்வே

"கழட்டு," என்றார் சாலிஹ்.

ஓட்டமாவடித் தெருவோரப் பெயின்ட் கடையில் சதீசன் கழற்றியது செருப்பை அல்ல, இடது காலை. மூன்று வருடத்துக்கு முன் மாங்கேணிக் காட்டுக்கு விறகு வெட்டப் போனபோது மிதிவெடி எடுத்துக்கொண்ட காலுக்குப் பதிலாக, ஆஸ்பத்திரியில் கொடுத்த கால். றப்பர்ப் பாதம், அதற்கு மேலே முழங்கால்வரை வெறும் அலுமினியம். நடக்க ஒரு குறையுமில்லை. மினுக்கம்தான் பிரச்சினை.

"ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையத்துக்குப் பொம்பிள பார்க்கப் போறன் நானா. வாசல்ல கால் கழுவத் தண்ணி தருவாங்க. வேட்டியத் தூக்கினா எல்லார்ர கண்ணும் இதிலதான் விழும்."

"அவங்களுக்கு விசயம் தெரியாதா?"

"கலியாணம் பேசின ஆச்சிப்பிள்ளை அக்கா எல்லாம் சொல்லிப்போட்டா. போன ரெண்டு இடத்திலயும் சொல்லித்தான் போன. கால் கழுவினதோட சரி. தேத்தண்ணி தந்தாங்க, பதில் தரல்ல."

"பொம்பிள எப்பிடி?"

"கேட்டா, 'நீயே நேரில பார் மனே' எண்டு சிரிக்கிறா. நானா, தோல் மாதிரி, லேசான சொரசொரப்போட அடிக்க ஏலுமா?"

சாலிஹ் நெஞ்சை நிமிர்த்தினார். சுனாமி நிவாரணத்தில் தையல் மெசினுக்கு மனுப்போட்டு, காற்றடிக்கும் கொம்பிரசர் கிடைத்ததால் பெயின்டர் ஆனவர் அவர். முடியாது என்ற சொல் அவருடைய கடையில் இருப்பில் இல்லை.

வியாழக்கிழமை நேரே அடித்தார். சதீசன் பஸ் நிலையம் போய்ச் சேருமுன்பே பெயின்ட் அவித்த உருளைக்கிழங்குத் தோல் போலச் சுருண்டு உரிந்தது.

"வெறும் அலுமினியத்தில பெயின்ட் பிடிக்காது தம்பி. உப்புத்தாளால உரசி, பிறைமர் அடிக்கணும்," என்றார் மறுநாள்.

"இத நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"நேத்து எனக்கும் தெரியாதே."

உரசினார். பிறைமர் அடித்தார். கடையில் கிடந்த ஓட்டோக் கலர்களை எல்லாம் கலந்து தோல் நிறம் ஒன்று செய்தார். காய்ந்தபோது அது இளஞ்சிவப்பாக இருந்தது. கடை வாங்கில் குந்தியிருந்த சதீசன் இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"வலது கால் மட்டக்களப்பு. இடது கால் நோர்வே."

"சமாதானம் பேச வந்த கால் எண்டு சொல்லுவம்."

"அவங்கட சமாதானத்துக்கு என்ன நடந்த எண்டு தெரியும்தானே நானா?"

சனிக்கிழமை கறுப்புக் கலந்ததில் நிறம் சரியாகிவிட்டது. ஆனால் கால் மோட்டார் சைக்கிள் டாங்கி மாதிரி வழுவழுவென்று மினுங்கியது.

"காத்தக் குறைச்சு, எட்ட நிண்டு அடிச்சா மணிமணியா விழும்," என்று சாலிஹ் பின்னால் போனார். இன்னும் போனார். தெருவுக்கே போய்விட்டார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அரிசி ஆலையிலிருந்து காற்று தவிட்டை அள்ளிக்கொண்டு வந்து ஈரப் பெயின்டில் கொட்டியது.

"இத வாவிக்கரையில வச்சா முதலை எண்டு ஆக்கள் ஓடுவாங்க," என்றான் சதீசன். "விடுங்க நானா. எனக்கு இந்தக் கலியாணம் சரிவராது."

சாலிஹ் உப்புத்தாளைத் தேடி எடுத்தார். கடைக் கதவை இழுத்து மூடினார். எல்லாவற்றையும் உரசி முதலிலிருந்து தொடங்கினார். பின்னேர அசர் தொழுகைக்குள் கால் தயார். மங்கல் நிறம், மயிர்க்கால் அளவு சொரசொரப்பு. ஒரு நுளம்பு வந்து குந்தி, ஊசியை இறக்கிப் பார்த்து, ஏமாந்து பறந்தது.

"பாஸ்!" என்றார் சாலிஹ்.

ஞாயிற்றுக்கிழமை, உரிந்தால் பூசவென்று சின்ன டின் ஒன்றுடன் அவரும் ஓட்டோவில் கூடப் போனார்.

செட்டிபாளையத்து வாசலில் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார் பெண்ணின் தகப்பன். சதீசன் முதன்முறையாக வேட்டியைத் தாராளமாகத் தூக்கினான். தகப்பன் வலது காலைப் பார்த்தார். இடது காலைப் பார்த்தார். முகம் கறுத்தது. முன்னரே வந்து காத்திருந்த ஆச்சிப்பிள்ளையை முருங்கையடிக்குக் கூட்டிப்போனார். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு.

"என்ன கா இது? கால் இல்லாத பொடியன் எண்டுதானே சொன்னாய்? ரெண்டு காலும் கல்லு மாதிரி இருக்கு! எங்கட மகள் நிருஷா அப்பிடி ஓராளத்தான் கட்டுவன் எண்டு ஒத்தக் கால்ல நிக்கிறாள். எங்களப் பேய்க்காட்டிப்போட்டியே!"

ஆச்சிப்பிள்ளையும் அந்தக் காலை எட்டி எட்டிப் பார்த்தாள்.

கால் இருப்பதாக நடிக்க மூன்று நாள் பாடுபட்ட சதீசன், இல்லை என்று நிரூபிக்க அவசரமாகக் குனிந்தான். செம்பால் முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டினான்.

டங்!

தகப்பனின் முகம் மலர்ந்தது. அவர் வாயைத் திறக்குமுன், நிருஷா நின்றிருந்த அறைத் திரைக்குப் பின்னாலிருந்து, முழங்கால் உயரத்தில் கரண்டியால் தட்டியதுபோல் இன்னொரு சத்தம் பதிலுக்கு வந்தது.

டங்!

எல்லோரும் திரையையே பார்த்தார்கள். சாலிஹ் மட்டும் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

"இது இன்னும் பெயின்ட் அடிக்காத அலுமினியம்," என்றார்.