சான்றோர் மண்ணின் ஆசார்யர்

உலகத்தில் உள்ள எதையும் மூன்றே வாக்கியத்தில் தன் ஊரான காஞ்சிபுரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் தலபுராணம்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும்.

அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் கவிழ்ந்து, யாருக்கு எப்போது வேலை போகும் என்று எல்லோரும் நகம் கடித்துக்கொண்டிருந்த காலம். சான் ரமோன் ஆபீஸில் அவருக்குப் பக்கத்து க்யூபிக்கிள் எனக்கு. என் ஜாதகம் அப்படி. ஒருநாள் மெக்சிகன் கடையில் புரிட்டோவைக் கையில் வாங்கி, “பூரிக்குள்ள இட்டது பூரிட்டு. இவன் அத ‘டோ’ன்னு இழுக்கறான்” என்றார். ஊர்ப் பெயரையும் விடவில்லை. ‘சான்றோர் மண்’தான் வாய் குழறி சான் ரமோன் ஆயிற்றாம். ஆதாரம் கேட்டால், ஆதாரம் கேட்பவன் உருப்பட மாட்டான் என்பார்.

அந்த வருடம் அவரவர் ஊர்த் திருவிழாவைக் காட்டச் சொல்லி ஆபீஸில் ஒரு விழா வைத்தார்கள். சிக்கிம்காரரான பெமா, தன் கிராமத்துப் புத்த மடத்தில் ஆடும் மான் நடனத்தை ஆடுவதாகச் சொன்னார். சிக்கிமுக்கு விசா வேண்டுமா என்று நம்மவர்களே அவரை விசாரித்தார்கள். சூறைக்காற்றாய் வந்து ஊரை அலைக்கழித்த அசுரனை ஒரு குரு அடக்கி, அவனுடைய வாகனமான மானின் மேலேயே ஏறி வந்தாராம். அன்று அந்த மான் ஆடிய ஆட்டம்தான் இது. முகமூடி வெறும் மரமல்ல, தெய்வத்தின் முகம் என்றார் பெமா.

தலபுராணத்துக்கு, குரு எந்த ஊர் என்பதுதான் கவலை. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து ஆசார்யர்களும் வந்தார்கள், அந்தச் சொல்தான் எங்கள் மலையில் ‘அட்சரா’ ஆனது, ஆட்டத்தில் இன்றும் ஓர் அட்சரா உண்டு என்று பெமா சொன்னதுதான் தாமதம். க்யூபிக்கிள் க்யூபிக்கிளாகப் போய், இமயமலைக்கே ஆட்டம் சொல்லிக்கொடுத்தது காஞ்சிபுரம்தான் என்று அறிவித்துவிட்டார்.

இதற்கிடையில் பெமா வீட்டில் சிக்கல். ஒத்திகையில் மான் முகத்தைப் பார்த்த ஐந்து வயது மகள் அலறிக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டாள். அவள் பார்க்கவேண்டும் என்றுதான் அவர் ஆடவே சம்மதித்தார். விழாவிலும் பயந்தால் முகமூடியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன், இனி எடுக்கமாட்டேன் என்றார். ஊரில் குழந்தைகளின் பயத்தைப் போக்குவது அட்சராவின் வேலை. இங்கே அதற்கு ஆளில்லையாம்.

“ஏன் இல்ல? நான் இருக்கேனே” என்றார் தலபுராணம்.

விழாவன்று பட்டுக்கரை வேட்டி, நெற்றி நிறைய விபூதியோடு உபதேசத்துக்குத் தயாராக வந்து நின்றார். பெமா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஒரு சிவப்பு முகம், முருங்கைக்காய் மாதிரி மூக்கு, ஈ என்று இளித்த பல். அட்சரா என்றால் அந்த ஆட்டத்தின் கோமாளி. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் அவர் பக்கத்தில் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன்.

அவர் முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க தாய்மாமா ஜாடை. நம்மாளுதான்யா, டவுட்டே இல்ல” என்று மாட்டிக்கொண்டார்.

சாம்பிராணி போட்டால் ஃபயர் அலாரம் அடிக்கும் என்பதால் பெமா கண்மூடிக் கும்பிட்டுவிட்டு மானானார். மான் சுழன்று வந்ததும் குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். கோமாளி மானைப் போலவே சுழலப் போய், வேட்டி தடுக்கி விழுந்தார்.

“யோவ் மானு, மெதுவா சுத்துய்யா. எனக்கு ஷுகர் இருக்கு.”

குழந்தைக்கு அதில் ஒரே ஒரு வார்த்தைதான் புரிந்திருக்கும். ஆனாலும் சிரித்தாள். நழுவிய மான் முகத்தின் நாடாவைக் கோமாளி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, அவளே கிட்டே வந்து கொம்பைத் தொட்டு “டாடி?” என்றாள். மான் அப்படியே மண்டியிட்டுவிட்டது.

அடுத்த லேஆஃபில் தலபுராணத்தின் வேலை போயிற்று. டெக்சாஸில் ரவுண்ட் ராக்கில் வேலை கிடைத்துப் போனவர், போன வேகத்தில் போன் பண்ணினார். உருண்டைப் பாறை என்றால் மகாபலிபுரம்தானே என்றார்.

சில வருடம் கழித்து பெமா வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் தன் தோழிக்கு அந்த நடனத்தின் கதையை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அசுரன், குரு, மான் எல்லாம் ஒழுங்காக வந்தார்கள். கடைசியில், அட்சரா காஞ்சிபுரத்திலிருந்து மானுக்குச் சர்க்கரை கொண்டுவந்தவர் என்றாள்.

திருத்த வாயெடுத்தேன். பிறகு, ஆமாம், எனக்கு அவரைத் தெரியும், பக்கத்து க்யூபிக்கிள்தான் என்று மட்டும் சொன்னேன்.